கடையில் கைவிரித்தால்

வாங்கி மூன்றே மாதம், வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் நிற்கிறது, கடையில் கேட்டால் கம்பெனியிடம் பேசச் சொல்கிறார்கள், கம்பெனியோ கடையைக் கைகாட்டுகிறது. போனில் கத்திப் பயனில்லை. பழுதை வீடியோ எடுங்கள், திரையில் பிழைக் குறியீடு மின்னினால் அதையும், பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பரையும் சேர்த்து. மெக்கானிக் வந்தால், என்ன பழுது என்று எழுதி வாங்காமல் அனுப்பாதீர்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். அப்புறம் பில் நகலோடு கடைக்கே மின்னஞ்சல்: பழுது நீக்குவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா, உங்களுக்கு வேண்டியதைத் தெளிவாகக் கேட்டு 14 நாள் கெடு கொடுங்கள். கார்டில் வாங்கியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்டுப் பார்க்கலாம், அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போட வேண்டாம். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பு. அங்கும் இதே காகிதங்களைத்தான் கேட்பார்கள்.