குதிரையைப் பயிற்சியாளரிடம் ஒப்படைக்கும் உரிமையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு, ஐதராபாத், புனே போன்ற ஊர்களில் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் என்னும் பந்தய இனக் குதிரைகள் சவாரிக்காகத் தனியாரிடம் கைமாறி வருவது வழக்கம். அப்படி ஒரு குதிரையை வாங்குபவர்களில் பலருக்கு அதுவே முதல் குதிரையாக இருக்கும். வேகத்திற்காகவே வளர்க்கப்பட்ட அந்த உயிரை நிதானமாக நடக்கப் பழக்குவதற்குத் தொழில்முறைப் பயிற்சியாளர் ஒருவரை நாடுவது சரியான முடிவுதான். ஆனால், வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுச் சொன்ன தேதியில் போய் எடுத்துக்கொள்வதைப் போல இதையும் எண்ணிவிடுகிறோம். ஏழு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் எண்ணினேன். அதனால் வந்த துன்பத்தை என்னைவிட என் குதிரைதான் அதிகம் பட்டது என்பதால் இதை எழுதுகிறேன்.

குதிரை மட்டும் கற்றுக்கொண்டால் போதும், நாம் கற்க வேண்டியதில்லை என்று நினைப்பதுதான் தவறுகளில் பெரியது. குதிரை பெரும்பாலும் அழுத்தத்தால் அல்ல, அழுத்தம் விலகும் நொடியால் கற்கிறது. லகானை இழுக்கும்போது அது ஒரு கேள்வியை உணர்கிறது. கழுத்தைச் சற்றே தளர்த்தியதும் கை உடனே இளகினால், தான் செய்ததே சரியான விடை என்று புரிந்துகொள்கிறது. பந்தயக் குதிரைக்கு இந்தப் பாடம் வேறு விதமாகப் பதிந்திருக்கும். ஜாக்கி லகானை இறுகப் பிடிக்கும்போது அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு ஓடப் பழகிய குதிரைக்கு, இழுப்பு என்பது பல நேரங்களில் நிற்பதற்கான கட்டளையாகத் தோன்றுவதே இல்லை. பயிற்சியாளர் வாரக்கணக்கில் இதைத்தான் மாற்றுகிறார். நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஏறி, பயத்தில் பத்து நிமிடம் விடாமல் இழுத்துப் பிடித்தால், அந்த வாரங்களின் உழைப்பு அங்கேயே கலையத் தொடங்குகிறது.

என் குதிரை மூன்றாவது வாரத்தில் பயிற்சியாளரிடம் பூனைபோல நடந்தது. நான் ஏறியதும் காதுகளைப் பின்னுக்கு மடித்து, தலையைத் தூக்கி, கால் மாற்றி மாற்றி வைக்கத் தொடங்கியது. நான் இறுக்கினேன், அது வேகம் எடுத்தது, இன்னும் இறுக்கினேன். வேலிக்கு அருகில் நின்றவர் குரலை உயர்த்தாமல், "கையை இளக்குங்க சார், நீங்க பிடிக்கப் பிடிக்க அது ஓடத்தான் செய்யும்" என்றார். இரண்டு விரல் அளவு தளர்த்தினேன். நான்கு அடி போவதற்குள் குதிரை நீளமாக ஒரு மூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தியது. அன்று பயிற்சி கிடைத்தது எனக்கு. எனவே பயிற்சிக் கட்டணம் பேசும்போதே, வாரத்திற்கு ஒன்றிரண்டு முறையாவது உரிமையாளரை ஏற்றிக் கற்றுக்கொடுப்பதும் அதில் சேரும் என்று பேசிவிடுங்கள்.

குதிரையின் குறைகளை மறைப்பதும் பரவலான தவறு. உதைக்கும், கடிக்கும், ஒருமுறை ஆளைத் தள்ளிவிட்டது என்பவற்றைச் சொன்னால் பயிற்சியாளர் மறுத்துவிடுவாரோ, கூடுதல் பணம் கேட்பாரோ என்று தயங்குகிறோம். அந்த மௌனத்தின் விலையை அதிகாலையில் லாயத்தைக் கூட்ட வரும் சைஸ், அதாவது குதிரையைப் பராமரிக்கும் பணியாள், தன் விலா எலும்பில் கொடுக்க நேரிடலாம். பழைய காயங்கள், கொடுத்த மருந்துகள், முன்பு எப்போது வயிற்று வலி வந்தது, கடைசியாக எப்போது லாடம் கட்டியது ஆகிய எல்லாவற்றையும் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

உடல் வலியைக் கெட்ட குணம் என்று முடிவுகட்டுவது இதைவிடக் கொடியது. கொள்ளு என்றால் வாயைத் திறக்கிறது, கடிவாளம் என்றால் வாயை மூடுகிறது என்ற பழமொழியைக் குதிரையைக் குறைசொல்வதற்கே பயன்படுத்தி வந்திருக்கிறோம். குதிரையின் பற்கள் வாழ்நாளில் பெரும்பகுதி வெளிநோக்கி வளர்ந்துகொண்டே இருப்பவை. மேல்தாடை கீழ்தாடையைவிட அகலமானது என்பதால் தேய்மானம் சமமாக நிகழாமல் மேற்பற்களின் கன்னப்பக்கம் கூர்முனைகள் உருவாகின்றன. கடிவாளத்தை மாட்டி இழுக்கும்போது அவை கன்னத்தின் உட்பக்கத்தைக் கிழிக்கும். அப்படிப்பட்ட குதிரை கடிவாளத்தைக் கண்டு வாயை மூடுவதில் வியப்பென்ன? பயிற்சிக்கு அனுப்பும் முன்பே குதிரைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரைக் கொண்டு பற்களை அரத்தால் ராவிவிட்டு, முதுகையும் கால்களையும் சோதித்து, சேணம் பொருந்துகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பயிற்சியில் முதுகுத் தசை மாறும் என்பதால், தொடக்கத்தில் பொருந்திய சேணம் மூன்று மாதம் கழித்து அழுத்தத் தொடங்குவதும் உண்டு.

தீவன விஷயத்தில் அன்பே கெடுதலாக முடிகிறது. இளைத்திருக்கிறதே என்று பயிற்சியாளருக்குத் தெரியாமல் சைஸின் கையில் பணம் கொடுத்து, கொள்ளுத் தானியத்தையும் ஓட்ஸையும் கூட்டிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலைக்கு மிஞ்சிய தானியம் குதிரையைத் துள்ள வைக்கும். அந்தத் துள்ளலைப் பயிற்சியாளர் வேறு காரணங்களில் தேடிக்கொண்டிருப்பார். மேலை நாடுகளில் ஞாயிறன்று ஓய்விலும் முழுத் தானியம் தின்ற வண்டிக் குதிரைகள், மறுநாள் வேலையில் இறங்கியதும் தசை இறுகி நகர முடியாமல் நின்றதால், அந்தக் கோளாறுக்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர் வந்தது. மேலும், குதிரையின் இரைப்பையில் தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் அதற்குத் தேவை நாள் முழுதும் மெல்லுவதற்குப் புல். சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 கிலோ வரை காய்ந்த புல் வேண்டும். எதை மாற்றுவதானாலும் பயிற்சியாளரிடம் சொல்லி, பத்து நாட்களில் படிப்படியாக மாற்றுங்கள்.

பணப் பேச்சைக் கூச்சத்தால் தள்ளிப்போட வேண்டாம். மாதக் கட்டணத்தில் தீவனமும் லாடமும் சேருமா என்பதை எழுத்தில் வைத்துக்கொள்வதோடு, நள்ளிரவில் வயிற்று வலி வந்து குதிரை தரையில் புரண்டால் நம்மைக் கேட்காமலேயே மருத்துவரை அழைக்கவும், குறிப்பிட்ட தொகை வரை செலவிடவும் பயிற்சியாளருக்கு அதிகாரம் உண்டு என்பதையும் எழுதிவிட வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது; அந்த வலியில் நாம் போனை எடுக்காத ஒரு மணி நேரம் அதன் உயிரையே பறிக்கலாம்.

ஒரு மாதத்தில் முடியுமா என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள். பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்த வாழ்க்கையிலிருந்து விடுபட்டு உடலும் மனமும் தணியவே சில வாரங்கள் தேவை. புதிய தசை வளர அதற்குமேல் மாதங்கள் பிடிக்கும். அவசரப்படுத்தினால் பயிற்சியாளர் குறுக்கு வழிக்குத் தள்ளப்படுகிறார்.

அதே வேளையில், நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொள்வதாகிவிடக் கூடாது. திடீரென்று குதிரை சாந்தமாகிவிட்டால், தீவனத்தைக் குறைத்தார்களா, மயக்க மருந்து ஏதேனும் கொடுத்தார்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. விலா தெரிவது, வாயோரத்தில் புண், ஆள் வந்தால் லாயத்தின் மூலையில் ஒடுங்குவது ஆகியவற்றுக்கு விளக்கம் கேளுங்கள். முள் வைத்த கடிவாளத்தை 1965-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்பு விதிகளே தடை செய்கின்றன. அதைக் கண்டால் அன்றே குதிரையை அழைத்து வந்துவிடுங்கள். நல்ல பயிற்சியாளர் கேள்விகளால் புண்படுவதில்லை. சவாரி நடந்துகொண்டிருக்கும்போது குறுக்கிடாமல், முடிந்த பிறகு தனியாகக் கேட்டால் போதும்.

குதிரை வீடு திரும்பிய பின், முதல் சில வாரங்களுக்கு அதே கடிவாளம், அதே சேணம், முடிந்தவரை அதே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பார்த்த வேறொருவரின் முறையை அந்த வாரங்களில் முயன்று பார்க்க வேண்டாம். வாரம் ஒருமுறை பக்கவாட்டிலிருந்து ஐந்து நிமிடக் காணொளி எடுத்துப் பயிற்சியாளருக்கு அனுப்புங்கள். உங்கள் முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, லகானைப் பிடித்த கையும் குதிரையின் வாயும் தெளிவாகத் தெரிய வேண்டும்.