சிறிய நிறுவனங்களின் பைபேக்: முதலீட்டாளர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

சந்தையில் 240 ரூபாய்க்கு விற்கும் பங்கை 300 ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒரு நிறுவனம் அறிவித்தால், அன்றைக்கே அதை வாங்கிப்போட்டு 60 ரூபாய் லாபம் பார்த்துவிடலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். நிறுவனம் தன் பங்குகளையே இப்படித் திரும்ப வாங்குவதுதான் பைபேக். அதில் நடக்கும் தவறுகளில் பல இந்த ஒரு கணக்கிலிருந்தே தொடங்குகின்றன. கொடுக்கும் பங்குகள் அனைத்தையும் நிறுவனம் எடுத்துக்கொள்வதில்லை. சிறிய நிறுவனங்களில் எடுக்கும் அளவு பெரும்பாலும் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1 கோடி பங்குகள், ஆண்டு நிகர லாபம் 10 கோடி ரூபாய், செலுத்தப்பட்ட மூலதனமும் ஃப்ரீ ரிசர்வும் (பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்கத்தக்க சேமிப்பு லாபம்) சேர்ந்து 80 கோடி ரூபாய். இது 5 லட்சம் பங்குகளை 300 ரூபாய் வீதம், அதாவது 15 கோடி ரூபாய்க்குத் திரும்ப வாங்குகிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின்படி மூலதனமும் ஃப்ரீ ரிசர்வும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் வரை இயக்குநர் குழுவே முடிவு செய்யலாம். அதற்கு மேல் 25 சதவீதம் வரை போக பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். ஆகவே நம் நிறுவனம் பங்குதாரர்களிடம் வாக்குக் கேட்டே ஆக வேண்டும். அந்த அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை.

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி டெண்டர் முறையில், அதாவது நிர்ணயித்த விலையில் பங்குதாரர்கள் விரும்பிக் கொடுக்கும் பங்குகளை நிறுவனம் வாங்கும்போது, 15 சதவீதம் சிறு பங்குதாரர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். நம் கணக்கில் அது 75,000 பங்குகள். சிறு பங்குதாரர்கள் அனைவரிடமும் சேர்த்து 6 லட்சம் பங்குகள் இருந்தால், எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அவர்களுக்கு உரிமை கிடைக்கும். மீதமுள்ள 4.25 லட்சம் பங்குகளை 94 லட்சம் பங்குகள் வைத்திருக்கும் மற்றவர்கள் பகிர வேண்டும். அவர்களுக்கு ஏறத்தாழ 22-க்கு ஒன்றுதான்.

சிறு பங்குதாரர் என்பதற்கான வரம்பு, ரெக்கார்டு தேதியன்று (யாரிடம் எத்தனை பங்குகள் என்று நிறுவனம் கணக்கெடுக்கும் நாள்) சந்தையின் முடிவு விலையில் 2 லட்சம் ரூபாய். 830 பங்குகள் வைத்திருப்பவருக்கு 240 ரூபாய் விலையில் மதிப்பு 1,99,200 ரூபாய். அவருடைய 103 பங்குகள் உறுதியாக ஏற்கப்படும். இன்னும் 20 பங்குகள் சேர்த்து 850 ஆக்கியவரின் மதிப்பு 2,04,000 ரூபாய் ஆகிவிடுகிறது. அவருக்கு 38 பங்குகள்தான். பைபேக் செய்தியால் விலை ரெக்கார்டு தேதிக்குள் 250 ரூபாயைத் தொட்டால் 830 வைத்திருப்பவரும் வரம்புக்கு வெளியே போய்விடுவார். எனவே 2 லட்சத்தின் விளிம்புவரை வாங்கிக் குவிப்பதைவிட, விலை 15, 20 சதவீதம் ஏறினாலும் வரம்புக்குள் நிற்கும்படி வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இரண்டு தரகர்களிடம் இரண்டு டீமேட் கணக்குகள் வைத்துப் பிரித்துக்கொள்ளும் உத்தியும் எடுபடாது. பான் எண் ஒன்றாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே கணக்கிடுவார்கள்.

இனி 400 பங்குகள் வைத்திருப்பவரைப் பார்ப்போம். 50 பங்குகள் ஏற்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் 60 ரூபாய் அதிகம் கிடைத்தால் 3,000 ரூபாய். பைபேக் முடிந்தபின் விலை 240-இலிருந்து 225 ரூபாய்க்கு இறங்கினால், மீதமுள்ள 350 பங்குகளில் 5,250 ரூபாய் போய்விடும். மற்றவர்கள் டெண்டர் செய்யாமல் விட்டால் நம்முடைய ஏற்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதை முன்கூட்டியே லாபத்தில் சேர்த்துக்கொள்வது நம்பிக்கையே தவிர கணக்கு அல்ல. தினமும் சில ஆயிரம் பங்குகள் மட்டுமே கைமாறும் ஸ்மால்கேப் நிறுவனங்களில், பைபேக்குக்காகவே வாங்கியவர்கள் ஒரே நேரத்தில் வெளியேற முயலும்போது பங்கு லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் விலை இறங்க அனுமதிக்கப்பட்ட கீழ் எல்லையில், வாங்க ஆளின்றிப் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பங்குகள் டீமேட்டில்தானே இருக்கின்றன, நிறுவனமே எடுத்துக்கொள்ளும் என்று காத்திருந்தார். ஈவுத்தொகை தானாக வங்கிக் கணக்கில் வந்து விழும். பைபேக்கிலோ தரகரின் செயலிக்குள் சென்று எத்தனை பங்குகள் கொடுக்கிறோம் என்று நாமே பதிவு செய்ய வேண்டும். அந்தச் சாளரம் ஐந்து வேலை நாட்கள்தான் திறந்திருக்கும். ஆறாவது நாள் அவர் என்னை அழைத்தபோது செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

நீண்டகால முதலீட்டாளர்கள் அதிகம் ஏமாறும் இடம் வேறு. பைபேக்கில் வாங்கிய பங்குகளை ரத்து செய்துவிடுவதால், பங்குகளின் எண்ணிக்கை குறைந்து ஒரு பங்குக்கான லாபம் கூடும் என்று நிறுவனங்கள் அழுத்திச் சொல்கின்றன. நம் நிறுவனத்தில் அது 10 ரூபாயிலிருந்து 10.53 ரூபாய் ஆவதாகத் தோன்றும். ஆனால் வெளியே போன 15 கோடி ரூபாய் வங்கி வைப்பில் 7 சதவீத வட்டியில் இருந்திருந்தால், ஆண்டுக்கு 1.05 கோடி ரூபாய், வரி போக ஏறத்தாழ 79 லட்சம் ரூபாய் வந்திருக்கும். அதைக் கழித்தால் லாபம் 9.21 கோடியாகி, 95 லட்சம் பங்குகளுக்குப் பிரித்தால் ஒரு பங்குக்கு 9.70 ரூபாய்தான் வருகிறது. லாபத்தைப் போல 30 மடங்கு விலை கொடுத்துத் தன் பங்கையே வாங்கும் நிறுவனம், வைப்பு வட்டியைவிடக் குறைந்த வருமானத்துக்குப் பணத்தைப் போடுகிறது. விலை மலிவாக இருக்கும்போது வாங்கினால்தான் விற்காமல் இருப்பவருக்கு நன்மை. சந்தை விலைக்கு மேல் எவ்வளவு அதிகம் கொடுக்கிறார்களோ, அவ்வளவும் தங்கியிருப்பவரின் பையிலிருந்து போகிறது.

பைபேக் காலம் முடிந்து ஓராண்டுவரை புதிய மூலதனம் திரட்டக் கூடாது என்ற செபி விதி சிறிய நிறுவனங்களுக்கே அதிகம் உறைக்கும். வாடிக்கையாளரிடமிருந்து பணம் வர ஆறு மாதமாகும் தொழிலில் இருந்துகொண்டு, கையிருப்பைப் பைபேக்குக்கு இறைத்துவிட்டால், பெரிய ஆர்டர் வரும்போது வங்கிக் கடனைத்தான் நாட வேண்டியிருக்கும். நான் முதலில் பார்ப்பது பணப்புழக்க அறிக்கையை. வரவேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போகும் நிறுவனத்தின் பைபேக் எனக்கு உவப்பானதல்ல.

புரமோட்டர்கள், அதாவது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் நிறுவனர் தரப்பினர், பைபேக்கில் பங்கேற்கிறார்களா என்பதைப் பொது அறிவிப்பிலேயே சொல்லியிருப்பார்கள். 2025-இல் இன்ஃபோசிஸ் ஒரு பங்கு 1,800 ரூபாய் வீதம் 18,000 கோடி ரூபாய்க்கு அறிவித்த பைபேக்கில் புரமோட்டர்கள் கலந்துகொள்ளவில்லை. அப்படி ஒதுங்கும்போது மற்றவர்களின் ஏற்பு விகிதம் கூடுவதோடு, புரமோட்டர்களின் பிடியும் சற்று இறுகும். 70 சதவீதப் பங்குகளைக் கையில் வைத்திருக்கும் ஒரு சிறிய நிறுவனப் புரமோட்டர் தானும் டெண்டர் செய்தால், வெளியேறும் பணத்தில் பெரும்பகுதி அவர் வீட்டுக்கே போகக்கூடும்.

வரியில் பழைய நினைவை நம்பக் கூடாது. 2024 செப்டம்பர் வரை நிறுவனமே பைபேக் வரியைக் கட்டியது. பங்குதாரருக்கு வரி இல்லை. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பெற்ற முழுத் தொகையும் ஈவுத்தொகையாகக் கருதப்பட்டு அவரவர் வரி விகிதத்தில் வரி விதிக்கப்பட்டது. 200 ரூபாய்க்கு வாங்கிய பங்கை 300-க்குக் கொடுத்த, 30 சதவீத வரி விகிதத்தில் இருப்பவர் 90 ரூபாயும் அதன்மேல் செஸ்ஸும் கட்ட வேண்டியிருந்தது; வாங்கிய விலையான 200 ரூபாய் மூலதன நஷ்டமாக எட்டு ஆண்டுகள் முன்னெடுத்துச் செல்லத்தக்கது. 2026 பட்ஜெட்டில் இதை மறுபடியும் மூலதன ஆதாயமாக மாற்றி, புரமோட்டர்களுக்கு மட்டும் கூடுதல் வரி விதிக்கும் அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட காலத்தில் பங்கு கொடுத்தவர்கள், அந்த 200 ரூபாயைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கில் நஷ்டமாகக் காட்டியிருக்கிறார்களா என்று ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். காட்டியிருந்தால், வரும் ஆண்டுகளில் வேறு பங்குகளை விற்றுக் கிடைக்கும் ஆதாயத்தில் அது கழியும்.