தம்பிக்குத் தனிக் குடித்தனம்

அம்மா போன பிறகு, "தம்பியை யார் வைத்துக்கொள்வது?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அந்த 'வைத்துக்கொள்வது' எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு 36 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு, ஆனால் ஸ்ரீரங்கத்து வீட்டில் எந்தக் குழாய் சொட்டும் என்பது அவனுக்குத்தான் தெரியும். அதனால் அவன் அங்கேயே இருக்கிறான். நான் இரண்டு தெரு தள்ளி. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் அடுப்படி. ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் மட்டும் கசிந்துகொண்டிருந்தது. அன்றே சிலிண்டரைத் தூக்கிவிட்டேன். டைமர் வைத்த இண்டக்‌ஷன் அடுப்பு தானே நின்றுவிடும். சோற்றுக்கு எலக்ட்ரிக் குக்கர். தண்ணீர் அளவுக்கு, டம்ளரில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு.

எதையும் கடைசியிலிருந்து கற்றுக்கொடுங்கள். டீ போடுவதை எட்டு வேலையாகப் பிரித்தேன். முதலில் ஏழும் நான் செய்தேன், டம்ளரில் ஊற்றுவது மட்டும் அவன். அது கைவந்ததும் வடிகட்டுவதும் அவன். பிறகு அதற்கு முந்தையது. முதலிலிருந்து சொல்லிக்கொடுத்த நாட்களில் பாதியிலேயே எழுந்து போய்விடுவான். இப்படிச் செய்தால் வேலை எப்போதும் அவன் கையில் முடிகிறது, உடனே குடிக்க டீயும் இருக்கிறது. மூன்று மாதம் ஆனது. எனக்குத்தான் கஷ்டம். தூள் சிந்தும்போதெல்லாம் கை துறுதுறுக்கும். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன்.

பால் என்றால் 'நீலப் பாக்கெட்' என்று தெரியும், விலைக் கணக்கு வராது. எனவே ஒரு நாளைக்கு ஒரு கவர், அதில் சரியான காசு. கடைக்கார அண்ணனிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். மாத்திரைக்கு ஏழு நாள் டப்பா. ஞாயிற்றுக்கிழமை நான் நிரப்புவேன், தினமும் காலியான அறையைப் போட்டோ எடுத்து அனுப்புவான்.

அப்புறம், காகித வேலை. 18 வயது தாண்டிவிட்டால் பெற்றவர்கள்கூடத் தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். பலருக்கு இது வங்கி வாசலில்தான் தெரியவருகிறது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கலெக்டரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். பெற்றோரோ உறவினரோ மனு கொடுக்கலாம். அந்த அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது, அதிலும் சேர்த்துவிடுங்கள். ஆனால் பாதுகாவலர் ஆகிவிட்டோம் என்று, அவன் எந்தச் சட்டை போடுவது என்பதையும் நாமே முடிவு செய்யக் கூடாது.

வீட்டுச் சாவி ஒன்று என்னிடமும் இருக்கிறது. ஆனாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் போவேன். போன வாரம் தட்டினேன். "சீரியல் ஓடுது அக்கா, அப்புறம் வா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. விளம்பரம் வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.