சாவியை விட்டதும் நின்றுபோகும் எஞ்சினுக்கு
1960-களின் டாட்ஜ் சார்ஜர், பிளைமவுத் ரோட் ரன்னர் கார்கள் வைத்திருப்பவர்கள் டேஷ்போர்டு பெட்டியில் ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டரும் (இக்னிஷன் காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் சிறு பாகம்) ஸ்க்ரூடிரைவரும் போட்டு வையுங்கள். சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட் ஆகி, கையை விட்டதும் எஞ்சின் நின்றுவிட்டால் முதல் சந்தேகம் அந்த ரெசிஸ்டர்மேல்தான். ஸ்டார்ட் நிலையில், தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்கு மின்சாரம் நேரே போகும். ரன் நிலைக்கு வந்ததும், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரில் திருகியிருக்கும் அந்த வெள்ளைப் பீங்கான் துண்டு வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே கம்பி அறுந்திருந்தால் தீப்பொறி வராது. மாற்றுவதும் சுலபம்: ஒரு ஸ்க்ரூ, இரண்டு வயர், அவ்வளவுதான். அவசரத்துக்கு அதைத் தாண்டி வயர் போட்டு ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள், பாயிண்டும் (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) காயிலும் கருகிவிடும்.

அதே காலத்து ஃபோர்டு மஸ்டாங்கில் இதைத் தேட வேண்டாம்; அங்கே அதே வேலையைச் செய்யும் ரெசிஸ்டன்ஸ் வயர், ஹார்னஸுக்குள்ளேயே (வயர் கட்டுக்குள்ளேயே) ஓடுகிறது. டாட்ஜ், பிளைமவுத்தில் புது ரெசிஸ்டர் போட்டும் எஞ்சின் நின்றால் இக்னிஷன் ஸ்விட்சைப் பாருங்கள்.