பூல் டேபிளில் குறி பார்ப்பது எப்படி: பாதிப் பந்திலிருந்து தொடங்குவோம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெருவில் கேரம் போர்டு இல்லாத வீடு அபூர்வம். அந்தப் பழக்கத்தோடுதான் பூல் டேபிள் முன்னால் முதல்முறை நின்றேன். பந்து பாக்கெட்டுக்குப் போக வேண்டுமானால் அதன் எந்த இடத்தில் அடி பட வேண்டும் என்று என் கண் சரியாகவே சொன்னது. அந்த இடத்தையே பார்த்து வெள்ளைப் பந்தை அடித்தேன். பந்து பாக்கெட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் குஷனில், அதாவது டேபிளின் ஓரத் தடுப்பில், மோதியது. பத்து தடவை அடித்தாலும் அதே பக்கம், அதே ஒரு சாண்.

அங்கே டேபிளைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "தம்பி, தொடற எடத்த சரியாத்தான் பாக்கற. ஆனா ஒயிட்டோட நடு அங்க வந்து நிக்க முடியாதே. ஒயிட்டுக்கும் ஒரு ஒடம்பு இருக்குதில்ல?" என்றார்.

அவர் சொன்னதை முழுதாகப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. உங்களுக்கு ஒரு மாலை போதும் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

குறி ஏன் தப்புகிறது

பூல் பந்துகள் எல்லாம் ஒரே அளவு. விட்டம் 57.15 மில்லிமீட்டர், அதாவது இரண்டேகால் அங்குலம். இரண்டு பந்துகள் மோதும்போது விளிம்பும் விளிம்பும்தான் தொடுகின்றன. அந்த நொடியில் தொடும் புள்ளி இரண்டு பந்துகளின் நடுப்புள்ளிகளுக்குச் சரிபாதியில் இருக்கிறது. பாக்கெட்டில் விழ வேண்டிய பந்தைக் குறிப்பந்து என்போம். அதன் நடுவிலிருந்து தொடும் புள்ளி பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, வெள்ளையின் நடு அதைப் போல இரண்டு மடங்கு தள்ளி வர வேண்டும். நான் வெள்ளையின் நடுவைத் தொடும் புள்ளிக்கே அனுப்பிக்கொண்டிருந்தேன். பாதித் தூரம்தான் தள்ளியது, பந்தும் ஏறக்குறைய பாதிக் கோணம்தான் திரும்பியது.

கேரமில் ஸ்ட்ரைக்கர் காயைவிடப் பெரியது. அங்கே இந்தக் கணக்கைச் சின்ன வயதிலிருந்தே கை தானாகப் போட்டுவிடுகிறது. டேபிளில் தூரம் அதிகம், கைப்பழக்கம் கிடையாது, அதனால் கண்ணுக்கு ஒரு முறை தேவைப்படுகிறது.

பலரும் முதலில் கற்றுக்கொடுப்பது நிழல் பந்து முறை. குறிப்பந்தின் பின்னால், பாக்கெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பந்து ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, வெள்ளையை அந்த இடத்துக்கு அனுப்ப வேண்டும். கணக்கு சரியானதுதான். ஆனால் புதிதாக ஆடுபவர் வெறும் துணியைப் பார்த்து அதில் ஒரு பந்தைக் கற்பனை செய்வது கஷ்டம். ஒவ்வொரு முறையும் அந்தப் பந்து ஒவ்வொரு இடத்தில் தெரியும். ஆகவே கண்ணால் நிஜமாகவே பார்க்க முடிகிற ஒன்றிலிருந்து தொடங்குவதுதான் நல்லது என்பது என் கருத்து. அதுதான் பந்தின் விளிம்பு.

படி 1: இரண்டு தட்டுவடை

டேபிளுக்குப் போவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கும்போது, சட்னி வைப்பதற்கு முன் ஒரே அளவுள்ள இரண்டு தட்டுவடையைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் என்றால் ஒரே மாதிரியான இரண்டு நாணயம் போதும். ஒன்றைக் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள், அது குறிப்பந்து. இன்னொன்றை அதற்கு முன்னால் பிடித்து மெல்லப் பக்கவாட்டில் நகர்த்துங்கள், அது வெள்ளை.

முழுக்க மறைத்தால் முழுப் பந்து. பின்னால் இருப்பதில் கால்வாசி மட்டும் வெளியே தெரிந்தால் முக்கால் பந்து. முன்னால் இருப்பதன் நடு, பின்னால் இருப்பதன் விளிம்போடு சரியாகப் பொருந்தினால் பாதிப் பந்து. கால்வாசி மட்டும் மறைத்தால் கால் பந்து. டேபிளில் குனிந்து பார்க்கும்போது, மோதும் கணத்தில் வெள்ளை இப்படித்தான் குறிப்பந்தை மறைக்க வேண்டும். ஆடுபவர்கள் "திக்கா பட்டுடுச்சு", "தின்னா போயிடுச்சு" என்று பேசிக்கொள்வது இந்த மறைப்பைப் பற்றித்தான்: அதிகம் மறைத்தால் திக், குறைவாக மறைத்தால் தின்.

ஒவ்வொரு மறைப்புக்கும் ஒரு கோணம் உண்டு. முழுப் பந்து அடித்தால் பந்து நேராகப் போகும். முக்கால் பந்தில் சுமார் 14.5 டிகிரி திரும்பும். பாதிப் பந்தில் சரியாக 30. கால் பந்தில் சுமார் 48.6. இதில் 30-ஐ மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்.

படி 2: கடிகாரத்தைப் பந்தின் மேல் வையுங்கள்

டிகிரியைக் கண்ணால் அளப்பது எப்படி என்று கேட்பீர்கள். வெள்ளையிலிருந்து குறிப்பந்தின் நடு வழியாக ஒரு நேர்கோடு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பந்தின் மேல் ஒரு கடிகாரத்தைப் படுக்க வைத்து, அந்தக் கோடு பந்தைத் தாண்டிப் போகும் திசையை 12 மணி ஆக்குங்கள். பாக்கெட் 1 மணித் திசையில் இருந்தால் அது 30 டிகிரி, பாதிப் பந்து. 12-க்கும் 1-க்கும் நடுவில் என்றால் முக்கால் பந்து. ஒன்றரையைக் கொஞ்சம் தாண்டியிருந்தால் கால் பந்து. 2 மணி என்றால் எட்டில் ஒரு பங்குதான் தொட வேண்டும், புதியவர்கள் அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். இடதுபக்கம் என்றால் 11, பத்தரை என்று அப்படியே திருப்பிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: வெள்ளையும் குறிப்பந்தும் ஒரு சாணுக்குள் நெருங்கி இருந்தால் இந்தக் கடிகாரம் ஏமாற்றும். அப்போது கடிகாரம் சொல்வதைவிட மெலிதாக அடிக்க வேண்டும்.

படி 3: நிற்பதும் குனிவதும்

குறி பார்ப்பதில் பாதி வேலை நின்றுகொண்டிருக்கும்போதே முடிந்துவிடுகிறது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் புதியவர்கள் குனிந்த பிறகுதான் தேடத் தொடங்குகிறார்கள். முதலில் குறிப்பந்தின் பின்னால் போய் நின்று அதற்கும் பாக்கெட்டுக்கும் உள்ள கோட்டைப் பாருங்கள். பிறகு வெள்ளையின் பின்னால் வாருங்கள். எவ்வளவு மறைக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்: "பாதி" அல்லது "முக்கால்". அப்புறம் அந்தக் கோட்டிலேயே அடியெடுத்து வைத்துக் குனியுங்கள். குனிந்த பிறகு கோடு தப்பாகத் தோன்றினால், கியூவை (அடிக்கும் கோலை) மட்டும் திருப்பாதீர்கள். எழுந்து நின்று மறுபடி தொடங்குங்கள்.

உங்களுக்கு எந்தக் கண் ஆளும் கண் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோண ஓட்டை விட்டு, அதன் வழியாகத் தூரத்தில் உள்ள சுவர்க்கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது கடிகாரம் மறைகிறதோ அதுதான் ஆளும் கண். சிலருக்கு கியூ அந்தக் கண்ணுக்குக் கீழே வந்தால்தான் கோடு நேராகத் தெரியும், சிலருக்கு மோவாய்க்கு நடுவே, சிலருக்கு இரண்டுக்கும் இடையில். இதற்கு விதி கிடையாது. நேரான ஷாட் ஒன்றை வைத்து, எங்கே தலையை வைத்தால் நேர்கோடு நேர்கோடாகவே தெரிகிறது என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த நேரான ஷாட்டையே பத்து தடவை அடித்தும் பாருங்கள். பத்தில் குறைந்தது ஏழு விழவில்லை என்றால் சிக்கல் குறியில் இருக்காது, கை வளைகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை.

படி 4: பாதிப் பந்து, ஒரே இடத்திலிருந்து

ஆட்டம் தொடங்கும் முன் பந்துகளை முக்கோணமாக (ரேக்) அடுக்கும்போது முன்பந்து நிற்கும் புள்ளி இருக்கிறதல்லவா, அதன் மேல் ஒரு பந்தை வையுங்கள். பிரேக், அதாவது முதல் அடி, அடிக்கும் பக்கம் வந்து நில்லுங்கள். குஷனை ஒட்டிய சட்டத்தில் சம இடைவெளியில் உள்ள குறிகள்தான் டைமண்ட். உங்கள் பக்கத்துக் குறுக்குக் குஷனிலிருந்து இரண்டாவது டைமண்டுக்கு நேராக, இடது பக்க நீளக் குஷனிலிருந்து முக்கால் டைமண்ட் தூரம் உள்ளே தள்ளி, வெள்ளையை வையுங்கள். பாக்கெட் எதிரே வலது மூலையில் உள்ளது. டேபிள் 8 அடியோ 9 அடியோ, டைமண்ட் கணக்கு என்பதால் அப்படியே பொருந்தும்.

இப்போது வெள்ளையின் நடுவை, குறிப்பந்தின் இடது விளிம்புக்கு நேராக அனுப்புங்கள். அவ்வளவுதான். கியூ நுனி, வெள்ளையின் நடு, குறிப்பந்தின் இடது விளிம்பு மூன்றும் ஒரே கோட்டில். வெள்ளையை நடுவுக்குச் சற்று மேலே, மிதமான வேகத்தில் அடியுங்கள். இடது வலது ஸ்பின் எதுவும் வேண்டாம். முதல் மூன்று மாதத்துக்கு சைட் ஸ்பின்னைத் தொடவே வேண்டாம் என்பேன். ஸ்பின் போட்டால் வெள்ளை கியூ காட்டிய கோட்டிலிருந்து விலகும், பிறகு தப்பியது கண்ணாலா ஸ்பின்னாலா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

விதிப்படி கார்னர் பாக்கெட்டின் வாய் நாலரை அங்குலம். இரண்டு பந்துகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற அகலம். எனவே கொஞ்சம் பிசகினாலும் பந்து விழும். விழாவிட்டால் எந்தப் பக்கம் தப்பியது என்று பாருங்கள். பாக்கெட்டுக்கு இடதுபுறம், கடைசிக் குஷனில் மோதினால் திக்காகப் பட்டிருக்கிறது. வலதுபுறம், பக்கக் குஷனில் மோதினால் தின்னாக. வெள்ளையை வைக்கும் இடத்தை மாற்றாமல் முப்பது தடவை அடியுங்கள். சலிப்பாக இருக்கும், ஆனாலும் அடியுங்கள். அந்த முப்பதில்தான், விளிம்பை நோக்கி அடிக்கும்போது மறைப்பு எப்படித் தெரிகிறது என்பது கண்ணில் பதிகிறது. பிறகு அதையே கண்ணாடியில் பார்ப்பது போல வலது பக்கத்திலிருந்து செய்யுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு பக்கம் எளிது, இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்கிற பக்கத்துக்கு இரட்டை நேரம் கொடுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. வெள்ளை நன்றாக உருண்டு போய்ப் பாதிப் பந்தாக மோதினால், தான் வந்த பாதையிலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி விலகிப் போகும். முக்காலிலிருந்து கால் வரை இது பெரிதாக மாறுவதில்லை. அதனால் வெள்ளை அடுத்து எங்கே போய் நிற்கும் என்பதும் உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

படி 5: முக்காலும் காலும்

முக்கால் பந்துக்கு, வெள்ளையின் நடுவைக் குறிப்பந்தின் நடுவுக்கும் விளிம்புக்கும் சரிபாதியில் உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். கால் பந்துக்கு, விளிம்புக்கு வெளியே, பந்தின் அகலத்தில் கால்வாசி தள்ளி. அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை, துணிதான் இருக்கிறது. அதனால் கால் பந்தில் குறிப்பந்தை மறந்து, வெள்ளையின் விளிம்பு எங்கே போகிறது என்று பாருங்கள். வெள்ளையின் உள்விளிம்பு, குறிப்பந்தின் வெளிவிளிம்பிலிருந்து கால்வாசி உள்ளே வர வேண்டும்.

ஆட்டத்தில் கோணங்கள் இந்த மூன்றில் மட்டும் வந்து நிற்காது. அதற்கு நான் ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: இது பாதியைவிடத் திக்கா, தின்னா? பாதியைவிடக் கொஞ்சம் திக் என்றால் விளிம்புக்கு ஒரு நூல் உள்ளே. கொஞ்சம் தின் என்றால் ஒரு நூல் வெளியே. பாதி கண்ணில் உறுதியாக நின்றுவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்து அளக்கிற அளவுதான்.

ஏற்காட்டு டேபிள்

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும், இதனால் நான் நிறையக் குழம்பியிருக்கிறேன். ஒரு மழைக்காலத்தில் நண்பர்களோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஏற்காட்டில் தங்கினோம். விடுதியில் ஒரு பூல் டேபிள். சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். கீழே சேலத்தில் கண்ணை மூடிக்கொண்டு விழுகிற அதே பாதிப் பந்து அங்கே விழவே இல்லை. ஒவ்வொரு தடவையும் திக்காகவே போனது.

காரணம் இதுதான். வெள்ளை பக்கவாட்டில் உரசிக்கொண்டு மோதும்போது, அந்த உராய்வு குறிப்பந்தை வெள்ளை போகும் திசையில் கொஞ்சம் இழுத்துவிடுகிறது. எல்லா டேபிளிலும் எல்லா கட் ஷாட்டிலும் (பந்தைக் கோணத்தில் திருப்பி அனுப்பும் அடியிலும்) இது நடக்கிறது. மேலே முக்கால் டைமண்ட் என்று சொன்னதிலேயே இந்த இழுப்புக்காக ஓரிரு டிகிரி விட்டிருக்கிறேன். பந்தில் அழுக்கும், கியூ நுனியில் தேய்க்கும் சாக்பீஸ் பொடியும் ஒட்டியிருந்தால் இழுப்பு கூடும். மெதுவாக அடித்தாலும் கூடும். அந்த விடுதியில் பந்துகள் பிசுபிசுப்பாக இருந்தன, ஈரம் ஏறிய துணியில் பந்து சீக்கிரம் நின்றுவிடுகிறது என்பதால் நாங்கள் பயந்து பயந்து அடித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை காய்ந்த துணியால் பதினாறு பந்துகளையும் அழுத்தித் துடைத்தோம். சற்று வேகம் கூட்டி, விளிம்புக்கு ஒரு நூல் வெளியே குறி வைத்தோம். விழ ஆரம்பித்தது. புது டேபிளுக்குப் போனால் ஆட்டம் தொடங்கும் முன் படி 4-இல் சொன்ன ஷாட்டை ஐந்து தடவை அடித்துப் பாருங்கள். ஐந்தும் ஒரே பக்கம் தப்பினால், அந்த டேபிளில் பாதிப் பந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த அளவை அன்று முழுவதும் எல்லா கட் ஷாட்டுக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள்.