நெடுங்கல் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நெடுங்கல் என்பது பழங்காலத்தில் இறந்தவர்களின் நினைவாக நட்ட உயரமான கல். ஆனால் வயலில் ஒரு கல் உயரமாக நின்றாலே அதை நெடுங்கல் என்று சொல்லிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். நம் பழைய சாலைகளின் ஓரத்தில், தலைச்சுமையை இறக்கிவைக்க இருந்த சுமைதாங்கிகளில் குறுக்குக்கல் விழுந்து, தூண்கள் மட்டும் மிஞ்சியிருக்கும்; அவை நெடுங்கல் அல்ல. கல்லின் விளிம்பில் வரிசையாக உளிக்குழிகள் தெரிந்தால் அது ஆப்பு வைத்துப் பிளந்த கல், பெரும்பாலும் பிற்காலத்தது. வீரன் உருவமோ எழுத்தோ செதுக்கியிருந்தால் நடுகல். நெடுங்கல்லில் பொதுவாக இவை எதுவும் இருக்காது. பாறையிலிருந்து எடுத்த பலகையை அப்படியே நட்டிருப்பார்கள்.

அடுத்து, கல்லை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அது இறந்தவர்களுக்காக நட்ட கல். அதற்கான சான்றுகள் சுற்றியுள்ள மண்ணில்தான் இருக்கும். குனிந்து நடந்து பாருங்கள். பாதி புதைந்த உருண்டைக் கற்கள் வட்டமாகப் போகலாம். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக மட்கல ஓடு கிடக்கலாம். அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிடந்த இடத்தை விட்டு வந்துவிட்டால் அது வெறும் ஓடு.

திருக்கோவிலூர் அருகே தேவனூரில் 'கச்சேரிக்கல்' என்று ஊரார் சொல்லும் பெரிய நெடுங்கல் நிற்கிறது. புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் அப்படி எதுவும் கண்ணில் படவில்லையே என்று, இங்கே பழமையே இல்லை என முடிவுகட்டுவதும் தவறு. சுத்துக்கேணியிலும் முத்திரப்பாளையத்திலும் பிரெஞ்சு ஆய்வாளர் கசால், பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த ஈமக்காடுகளைத் தோண்டி, 1956-இல் நூலாக வெளியிட்டார். பண்ருட்டி அருகே மருங்கூரிலும் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகளான ஈமத்தாழிகள் உண்டு.

'பத்தாயிரம் வருஷத்துக் கற்காலக் கல்' என்று பதிவு போடுவதும் வேண்டாம். இத்தகைய ஈமச்சின்னங்களில் இரும்புக் கத்தியும் அம்புமுனையும் கிடைப்பதால் தமிழகத்தில் இவை இரும்புக்காலத்தவை. கல் நட்ட ஆண்டைக் கல்லே சொல்லாது. அடியில் கலையாமல் கிடக்கும் கரியையும் மண்ணையும் சோதித்தால்தான் தெரியும். புதையல் ஆசையில் அங்கே கடப்பாரை போட்டால் அந்தச் சான்று போய்விடும். கல்லை இறுக்கிப் பிடித்திருக்கும் சிறுகற்களும் சரிந்து, கல்லே சாயும்.

எண்ணெய், பெயின்ட், சிமென்ட் பீடம் எதுவும் வேண்டாம். புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலரிடமோ கடலூர் அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள்.