சணலையும் கிளாஸ் பைபரையும் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இன்ஜினியரிங் மாணவர்கள் நாலு பேர் கடைசி வருட ப்ராஜெக்டுக்காக எங்கள் பட்டறைக்கு வந்திருந்தார்கள். வாழைநாரும் கிளாஸ் பைபரும் (கண்ணாடி இழை) கலந்து ஒரு தகடு செய்ய வேண்டும். ஒரு தம்பி பையைப் பிரித்து நாரைக் காயவைக்காமல் அப்படியே மோல்டில் பரப்பப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். 11 வருடத்துக்கு முன் சணலில் நான் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

மோல்டுக்கு மெழுகு தடவு, கையுறை போடு, அளந்து கலக்கு என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தந்துவிடுவார்கள். நான் கைக்காசு போட்டுக் கற்றதை மட்டும் எழுதுகிறேன்.

ஈரத்தோடு நாரைப் போடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. தொட்டுப் பார்த்தால் சணல் துணி காய்ந்த மாதிரியேதான் இருக்கும். ஆனால் 65 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் சும்மா கிடந்தாலே, தன் எடையில் சுமார் 12 சதவீதம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கிலோ துணிக்குள் 100 கிராமுக்கும் மேல் தண்ணீர்! கிளாஸ் பைபருக்கு அந்தக் குணம் கிடையாது. அதில் பழகிய கை, சணலையும் அதே மாதிரி எடுத்துப் போட்டுவிடும்.

ஓர் ஐப்பசியில் 18 குளியலறைக் கதவுகளுக்கு ஆர்டர். வெளியே கிளாஸ் மேட் (கிளாஸ் பைபர் விரிப்பு), நடுவில் சணல், இவற்றை ஒட்டி இறுக்கப் பாலியஸ்டர் ரெசின் என்ற பிசின். ஈரம் ஆகாது என்று தெரிந்துதான் துணியை ஓவனில் காயவைத்தேன். சாயங்காலம் வெளியே எடுத்து, மேஜையில் மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ராத்திரி முழுக்க மழை. காலையில் அதே துணியைப் போட்டு வேலையை முடித்தோம். கதவுகள் பளபளவென்று வந்தன.

பொங்கலுக்கு முன்பே முதல் போன் வந்தது: கதவில் கொப்புளம். அடுத்தடுத்து 9 கதவுகள் திரும்பி வந்தன. ரெசின் கொடுத்தவரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஒரு கதவை அறுத்துப் பார்த்தபோது சணல் அடுக்கு தனியாக உரிந்து வந்தது. கீழ் விளிம்பிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்பாக ஈரம் ஏறியிருந்தது. அளவுக்கு அறுத்த விளிம்பை ரெசின் பூசி அடைக்காமல் விட்டிருந்தேன். நார் விளக்குத்திரி மாதிரி தண்ணீரை மேலே இழுத்துவிட்டது.

ரெசின் இறுகும்போது சூடாகும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் குமிழி விடும். ஈரத்தில் பருத்திருந்த நார் பிறகு காய்ந்து சுருங்கி, ரெசினை விட்டு விலகும். அடுத்து வரும் தண்ணீருக்கு அந்த இடுக்கு போதும்.

சுமார் 100 டிகிரியில் காயவைத்து எடை போடுங்கள். மறுபடி காயவைத்து மறுபடி போடுங்கள், எடை குறைவது நிற்கும்வரை. மணிக்கணக்கை நம்ப வேண்டாம். எடுத்த கையோடு பாலித்தீன் பையில் கட்டி, சூடு தணிந்ததும் அன்றே பயன்படுத்துங்கள். சூடான துணி மேல் ரெசினை ஊற்றினால் உருட்டி முடிப்பதற்குள் இறுகிவிடும். அறுத்த விளிம்பு, திருகுத் துளை எதையும் திறந்து விடாதீர்கள்.

சணல் வெளியே, கிளாஸ் உள்ளே

தகடு வளையும்போது அதிக இழுவையைத் தாங்குவது வெளித்தோல். வலுவான கிளாஸ் அங்கேதான் இருக்க வேண்டும். நாரின் அழகு வெளியே தெரியட்டும் என்று கேட்பவர்களுக்கு, மழை படாத இடத்துக்கு மட்டும் செய்து தருகிறேன்.

எடைக்கு எடை கணக்குப் போடுவது

கிளாஸின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம்; சணலுக்குச் சுமார் 1.4. அதே எடைக்குச் சணல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடத்தை அடைக்கும், ரெசினையும் கூடுதலாகக் குடிக்கும். கிளாஸ் மேட்டுக்கான ரெசின் கணக்கையே இதற்கும் போட்டால் வறண்ட திட்டுகள் மிஞ்சும்.

காஸ்டிக் சோடாவைக் கூட்டுவது

ரெசின் நன்றாகப் பிடிக்க, நாரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பது உண்டு. 5 சதவீதக் கரைசலில் சில மணி நேரம் போதும். அளவு மீறினால் நாரே நைந்துவிடும். பிறகு நன்றாக அலசுங்கள், மறுபடி காயவையுங்கள்.

நைலான் 66-உடன் சணல்

ரெசினுக்குப் பதில் இந்தப் பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்க்கலாமா என்று நினைத்தால், அது உருக 260 டிகிரி வேண்டும். சணல் 200 தாண்டினாலே கருகத் தொடங்கும். வேண்டாம்.

கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் ஒரே கப்பில்

இரண்டும் ரெசினை இறுகவைக்கச் சேர்ப்பவை; நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்றுங்கள்.